கூட்டிப் போடாத மார்க்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் அக்கா மார்க் போட்டிருப்பார்கள். அநேகமாக நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. தம்பி நான்தான் எழுத வேண்டும் என்றார்கள், எழுதுகிறேன். அழுகை இன்னும் வரவில்லை.

அக்கா சாயர்புரம் பக்கம் பிறந்தவர்கள். அப்பா தூத்துக்குடியில் கடை போட்ட பிறகு இங்கேயே வளர்ந்தோம். அப்பா திடீரென்று இறந்துபோனபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது. காலையில் கடை, அதன்பின் கல்லூரி என்று ஓடி வேதியியல் படித்து முடித்தார்கள். என்னையும் ஆளாக்கினார்கள். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தினார்கள்.

அங்கே இன்டர்னல் மார்க் இருபத்தைந்துக்கு இருபதுக்குக் குறையக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவு. மார்க் குறைந்தால் அடுத்த ஆண்டு பிள்ளைகள் சேர மாட்டார்கள் என்பார்கள். அக்கா கேட்கவில்லை. அவர்களிடம் படித்த என் மகளுக்கே ஒன்பதுதான் போட்டார்கள். ஆய்வகத்தில் டைட்ரேஷன் சோதனையைச் செய்யாமலே, அளவைப் பார்த்ததுபோல் ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதியிருந்தாள். நான் போய்ச் சண்டை போட்டேன்.

"கூட ஒரு பத்து போட்டா ஒனக்கு என்னக்கா கொறஞ்சிரும்?"

"ஏலே, பாக்காமலே ரீடிங் எழுதுதவ நாளைக்கு ஏதாவது ஆலையில ஆசிட் பக்கத்துல நிப்பா. அப்ப நீயா போய் நிக்கப் போற?"

அதன்பின் ஓராண்டு நான் அவர்களோடு பேசவில்லை. நிர்வாகம் அந்தப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்து, எல்லோருக்கும் இருபதுக்கு மேல் போட வைத்தது. மகளும் தேறினாள். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு புற்றுநோய். எலும்புவரை பரவிய பின்புதான் எனக்குச் சொன்னார்கள். மருத்துவமனையில் நர்ஸ் வந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார். சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் வலி ஊசியைக் கூட்டுவார்கள். அக்கா கண்ணை மூடி யோசித்து "அஞ்சு" என்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், எட்டு என்று எழுதச் சொன்னேன்.

"அவன் சொல்லுதத எழுதாதம்மா. அஞ்சுன்னா அஞ்சுதான்."

கடைசி நாளன்று அக்காவால் பேச முடியவில்லை. நர்ஸ் என்னிடம் கேட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. எட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டிச் சொன்னால் கோபப்படுவார்கள் என்று தோன்றியது. அஞ்சு என்றேன். அன்று மாலை அக்கா போய்விட்டார்கள்.

துக்கத்தில் உடன் நின்ற உறவினர்கள், பக்கத்து வீட்டார், வெளியூர்களிலிருந்து ஓடி வந்த மாணவ மாணவியர், மருத்துவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நர்ஸம்மாவுக்கும் நன்றி. அவர் எழுதிய கடைசி அஞ்சு அக்கா சொன்னதில்லை. அது நான் பார்க்காமல் சொன்ன ரீடிங்.