தூணில் ஓர் ஆணித் துளை

அந்தப் பெயரை எழுதியது நான்தான். பொலிஸுக்குப் போன பட்டியலின் கடைசிப் பெயர்... என் கையெழுத்து!

யுத்த காலம் அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்றுக்கு நான் பொறுப்பாளன். கல்யாணங்களுக்கு அதை வாடகைக்கு விடுவோம். தேக்குத் தூண்களில் ஆணி அடிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் விருந்தினரின் பெயர்களை முதல்நாளே பொலிஸுக்குக் கொடுத்துவிடவும் வேண்டும். மனைவி மக்கள் இல்லாத எனக்கு அந்த மாளிகைதான் எல்லாமும். சிரிக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்கு முதல்நாள், பெண்ணின் தகப்பன் என்னைத் தனியே அழைத்தார். மகன் நேசன் பொலிஸ் பதிவில்லாமல் வந்திருக்கிறான், அவன் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். தோழனாய் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவப் பெண்ணுக்கு வேறு சகோதரன் இல்லை. நானும் தலையாட்டினேன்.

அன்று பின்னேரம் மண்டபத்துக்குள் போகிறேன்... நேசன் ஏணியில் நின்று, மாவிலைத் தோரணம் கட்ட நடுத்தூணில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்! கத்தினேன். இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான், தெரியாது என்றான். என் கோபம் ஆறவில்லை. என் கந்தோர் அறைக்குள் போய் அவன் பெயரையும் எழுதிப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

கூப்பிட்டு வெருட்டிவிட்டு விடுவார்கள் என்றா நினைத்தேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிவருகிறேன். கூட்டிப்போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியாதா!

மறுநாள் காலை மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். நேசன் செம்பைச் சரித்து அவர் காலில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான். அப்போது ஜீப் வந்தது. பெயரைக் கேட்டார்கள், சொன்னான். பக்கத்தில் நின்ற என்னிடம் செம்பை நீட்டினான்.

“அண்ணை, இதைப் பிடியுங்கோ. வந்து கழுவிறன்.”

அவன் வரவேயில்லை.

தகப்பன் மாதக்கணக்கில் பொலிஸுக்கு அலைந்தார். சிங்களத்தில் கதைக்க நானும் கூடப் போனேன்... ஆம், நானேதான்! ஒருநாள் பொலிஸ் வாசற்படியில் இருந்தபடி என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நீங்கள் பெயரை எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியும். வேற ஆரோ குடுத்திட்டினம்.”

“ஓம்” என்றேன்.

அதை நம்பியபடியே அவர் செத்துப்போனார்.

பின்னாளில் தூண்களைச் செப்பனிட வந்தவர்கள் அந்தத் துளையை அடைக்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கல்யாண வீட்டார் எல்லோரும் போனபின் நான் தனியே நின்று அதைத் தடவிப் பார்ப்பதுண்டு. எவ்வளவு சிறியது தெரியுமா... என் சுண்டுவிரல் நுனிகூட உள்ளே போகாது.