சும்மா சுற்றிய ரேடார்

குன்றின் உச்சியில் ராணுவ ரேடார் நிலையம் கட்டியபோது, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானம்கூடத் தப்பாது என்று முழங்கினார்கள். முதல் பத்து வருடம் தப்பவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் உதிரிபாகம் வருவது நின்றது. பெரிய அதிகாரிகள் வருவது மட்டும் நிற்கவில்லை.

ஆன்டெனாவைச் சுற்றவைக்கும் மோட்டாரையும் பேரிங்கையும் இருபத்தெட்டு வருடமாகக் கவனித்துக்கொண்ட மெக்கானிக்கை எல்லோரும் 'கிரீஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் அலை அனுப்பும் கருவி செத்தது. ஆன்டெனாவும் நின்றால் ஊர் பேசும், மேலிடம் கேட்கும். "சும்மாவாவது சுத்தட்டும்" என்றார் தளபதி. கிரீஸ் சுற்றவிட்டார். சிப்பாய்கள் முறைவைத்து உட்கார்ந்து, வெறும் திரையைப் பார்த்து, 'வானம் அமைதி' என்று மணிக்கொரு தரம் எழுதினார்கள். ஒன்பது மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு மத்தியானம், வழிதவறிய மருந்து தெளிக்கும் விமானம் எல்லை தாண்டி வந்து, குன்றையே ஒரு வட்டமடித்து, கீழே பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. நிலையத்துக்குச் செய்தி சொன்னது பள்ளிக்கூடக் காவலாளி!

விசாரணைக் குழு வந்தது. தளபதி கிரீஸிடம் ஒரு தாளை நீட்டினார். 'பேரிங்குக்குக் கிரீஸ் போடுவதற்காக அன்று ஆன்டெனாவை நிறுத்தியது மெக்கானிக்காகிய நானே' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

"ஒரு கையெழுத்துதானே கிரீஸ். உனக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கற லட்சணத்தைத்தான் ஒம்பது மாசமா பாக்கறேனே சார்."

ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பென்ஷன் போகும். போடாவிட்டால் தளபதி அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே தள்ளுவார்.

வீட்டில் மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். "காய்ச்சலோட ஏணி ஏறுன மனுஷன், நான்தான் நிறுத்துனேன்னு எழுதித் தரப் போறீங்களா? ரோஷம் கீஷம் இருக்கா?"

"குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வாங்கடி."

"சொல்லட்டுமே. நம்மகிட்ட இருக்கற தட்டுமுட்டுக்கு லாரியா பிடிக்கணும்?"

மறுநாள் கிரீஸ் அந்தத் தாளின் தட்டச்சு வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினார்: 'ஆன்டெனா நிற்கவில்லை. கருவிதான் ஒன்பது மாதமாக வேலை செய்யவில்லை. சும்மா சுற்றச் சொன்னது தளபதி.' கையெழுத்துப் போட்டு, தளபதியிடம் தராமல் நேரே குழுவிடம் கொடுத்து, பெற்றதற்கு அதன் நகலில் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

குழுவுக்கு வேர்த்தது. அதை ஏற்றால் மேலிடம் வரை மாட்டும். கிரீஸ்மேல் கை வைத்தால் அந்த நகல் வெளியே வரும். கடைசியில் பழியை மூடுபனிமேல் போட்டார்கள். மண்டை பிளக்கும் வெயிலில் மூடுபனி! இருந்திருந்தாலும் ரேடாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பது அங்கே சமையல்காரருக்கும் தெரியும்.

தளபதிக்குப் பதவி உயர்வு. கிரீஸுக்கு முழுப் பென்ஷன் வந்தது. பிரிவுபசாரம் மட்டும் இல்லை. கடைசி நாள் மோட்டார் அறைச் சாவியை வாங்கிக்கொள்ள ஓர் அதிகாரியும் வெளியே வரவில்லை. அதை வாசல் சிப்பாயின் கையில் திணித்துவிட்டு, அவர் குன்றிலிருந்து இறங்கினார்.