மீன் வேகத்தில் ஒரு நடை

"இந்தக் கரையில என்னை முந்திப் போற ஆள் இன்னும் பொறக்கல. பொறந்தாலும், அது நடக்கக் கத்துக்கறதுக்குள்ள நான் போய்ட்டுத் திரும்பியிருப்பேன்."

ரொட்டிக்கடை வாசலில் நின்று மெர்வின் டக்கெட் இப்படிப் பிரகடனம் செய்தபோது, அதைக் கேட்க மூன்று பேரும் ஒரு கடற்காகமும் இருந்தார்கள். கடற்காகம் மட்டும் கடைசிவரை கேட்டது.

மெர்வின் நடக்க வந்தது கடல் மேல் வைத்த காதலால் அல்ல. முப்பத்தொரு வருடமாக அந்த ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். ஈஸ்டருக்கு முன்னால் எடுத்த சோதனையில் இரத்த அழுத்தம் நூற்றெழுபத்தெட்டு என்று வந்துவிட்டது. நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் பேருந்துச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டியதுதான். "மாத்திரையைப் போடு. தினமும் கடலோரமா நட. மனசை ஆறவிடு" என்றார் செவிலியர் வில்மா. மனதை எப்படி ஆறவிடுவது என்று மெர்வின் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கிற பழக்கம் அவர் குடும்பத்திலேயே கிடையாது.

மறுநாளே கையில் நொடி எண்ணும் கடிகாரத்தோடு இறங்கினார். கரையின் நீளம் மூன்று கிலோமீட்டர். மேற்குக் கோடியில் இருக்கும் பாறையைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்புவது அங்கே வழக்கம். தொடாதவர் நடந்ததாக ஊர் ஒப்புக்கொள்ளாது. மற்றவர்கள் தொட்டார்கள். மெர்வின் உதைத்தார்.

பூமியின் தென்பாதியில் ஈஸ்டர் வருவது இலையுதிர்காலத்தில். இலையுதிர்காலம் என்று பெயரே தவிர, அந்தத் தென்கரையில் ஓர் இலையும் உதிர்வதில்லை. உதிர்ந்தது கோடைக்கு வந்த கூட்டம்தான். ஈக்கள் ஒழிந்தன, காற்று அடங்கியது. கடல் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. மெர்வின் பார்த்ததோ கடிகாரத்தையும், முன்னால் போகிறவர்களின் முதுகையும். குறிப்பாக, டல்சி ஹேகர்ட்டியின் முதுகை. டல்சிக்கு எண்பத்தொரு வயது, அவர் நாய்க்கு மூன்று கால். இருவரையும் தினமும் முந்தி, தினமும் மெர்வின் வெற்றி பெற்றார்.

"எங்கடா இப்படி ஓடுற, மெர்வு? பஸ்ஸை விட்டுட்டியா?" என்று பின்னாலிருந்து கேட்பார் டல்சி.

இரண்டு வாரம் கழித்து வில்மா கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்றெண்பத்து நாலு.

"உன்னை நடக்கச் சொன்னேனா, சண்டை போடச் சொன்னேனா?"

"நான் எங்க சண்டை போட்டேன்? ஜெயிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்!"

"வெள்ளிக்கிழமை பத்து மணி. அதான் கடைசி. அன்னைக்கும் இறங்கலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன், மெர்வின். நாப்பது பிள்ளைங்க உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வருது."

மெர்வின் "சரி" என்று ஒப்புக்கொண்டார். ஊர் வரலாற்றில் அது முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை பயம் விரட்ட, என்றைக்கும் இல்லாத வேகத்தில் கிளம்பினார். கால் மணி நேரத்தில் இடப்பக்கத் தண்ணீரில் ஒரு கருமை தெரிந்தது. மேகத்தின் நிழல் என்று நினைத்து அண்ணாந்தார். வானத்தில் மேகமே இல்லை.

அப்போது ஓர் அலை எழுந்து நின்றது. பின்னாலிருந்து வந்த வெயில் அதை ஊடுருவ, பச்சைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்ததுபோல் மீன்கள் தெரிந்தன. சால்மன். ஆயிரமா, பத்தாயிரமா, எல்லாம் ஒரே திசையில் தலைவைத்து. அலை உடைந்து நுரையாகிக் காலடியில் ஓடியது. ஒரு மீன்கூட இடம் மாறவில்லை. கூட்டத்தின் தலை தெரிந்தது. வால் எங்கே என்று தெரியவில்லை.

மெர்வின் வழக்கம்போல் முந்திப் பார்த்தார். முந்தியதும் மீன் கண்ணில் படவில்லை. வேறு வழியின்றி வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். மீனோடு மீனாக நடந்தார்.

கூட்டத்துக்குள் ஒரு சுறா வந்தது. மெர்வின் பதறி ஓரடி பின்வாங்கினார், மீன்கள் பதறவில்லை. சுறாவைச் சுற்றி அவை விலக, வட்டமாக வெள்ளை மணல் தெரிந்தது. சுறா நகர நகர அந்த வட்டமும் கூடவே நகர்ந்தது. அது போன பிறகு, எதுவுமே நடக்காததுபோல் கருமை மூடிக்கொண்டது. முட்டையிட ஆயிரம் மைல் கடந்து வருகிறவை அவை. அவ்வளவு தூரத்துக்கே அவசரப்படாதவை, இவருடைய பத்து மணிக்காகவா அவசரப்படும்?

பாறைக்கு அப்பால் அவை வளைந்து மறையும்வரை நின்று பார்த்தார். பாறையைத் தொட மறந்துபோனார்.

மருத்துவமனைக்குள் ஈரச் செருப்போடு நுழைந்தபோது பத்தேகால். நூற்று முப்பத்தெட்டு. வில்மா நம்பாமல் மறு கையிலும் கட்டிப் பார்த்தார். நூற்று முப்பத்தாறு.

"என்ன செஞ்சே? உண்மையச் சொல்லு."

"மீன் பாத்தேன்."

"எத்தனை பிடிச்சே?"

"ஒண்ணும் பிடிக்கல. சும்மா கூட நடந்தேன்."

வில்மா அவரையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேருந்து தப்பியது.

இனி நடக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை மெர்வின் கரையில் இருந்தார். கையில் கடிகாரம் இல்லை. மீனும் இல்லை. தண்ணீர் மணலில் மெல்ல ஏறி, தான் விட்டுவைத்த நுரையைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. தூரத்தில் ஒரு வெள்ளைப் பறவை சிறகை மடக்கி, மேலிருந்து ஈட்டிபோல் கடலுக்குள் விழுந்தது. அது மேலே வருகிறதா என்று பார்க்க மெர்வின் நின்றார்.

பின்னால் பழைய காலணிகள் மணலில் அரைபடும் சத்தம்.

"என்ன மெர்வு, காலு பிடிச்சுக்கிச்சா?" என்றார் டல்சி.

"இல்ல டல்சி. நீங்க போங்க."

டல்சி போனார். நாயும், ஒரு பாசிக்கொத்தை நிதானமாக மோந்து முடித்துவிட்டு, மெர்வினைக் கடந்து போயிற்று.