டிஸ்க்கில் வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் ஐம்பத்து மூன்றாவது வயதில் கால் முடியை மழித்துக்கொண்டார். அதுவும் என் ரேசரில். சைக்கிள் பந்தயக்காரர்கள் எல்லோரும் மழிப்பார்களாம். விழுந்தால் காயத்தைக் கழுவ வசதியாக இருக்குமாம். விழுவதற்கு முன்பே காயத்துக்கு இடம் ஒதுக்கி வைக்கிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன்.

லிஃப்டில் கீழ்வீட்டு அக்கா அந்த வழவழப்பான காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, காலிலிருந்து நரம்பு எடுக்க இப்படித்தான் மழித்தார்களாம். "எப்போ அட்மிட்?" என்று என் காதருகே கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டின் ஏழாவது மாடியில் கதவைத் திறக்கும்போதும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

எல்லாம் டிவியால் வந்த வினை. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் பந்தயத்தைச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பார். ஒருத்தன் ஜெயிக்க ஏழு பேர் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார்களாம். தண்ணீர் சுமப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் இருக்கிறானாம். ஓட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள், ஓட்டிக்கொண்டே ஒன்றுக்கும் போகிறார்கள். எனக்கு இதெல்லாம் வேடிக்கைதான். மலையிலிருந்து இறங்குவதைக் காட்டும்போது மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஈரச் சாலையில் ஒருவன் சறுக்கினால் பின்னால் வருகிறவர்கள் தேங்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி உருளுவார்கள். இவரோ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்.

பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு கார்பன் சைக்கிளே வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு விரலில் தூக்கலாம். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடலாம் என்றேன். எங்கள் குடும்பத்தில் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள் வாங்கினாலும் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ரோட்டில் இறக்குவோம். இவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

"இது என்ன லோரியா? ஏழு கிலோ வண்டி லா," என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. சிரித்ததற்காக இல்லை. காலை மழித்தாயிற்று, விழுவதற்கு ஏற்பாடு முடிந்துவிட்டது. விழாமல் இருக்க மட்டும் ஓர் ஏற்பாடும் கூடாதாம். சனிக்கிழமை அவர் டெங்கிலில் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஹாலிலேயே நானே பூசையைப் போட்டேன்.

முன் சக்கரத்துப் பழத்தை ஒருவழியாக அழுத்தி நசுக்கினேன். பின் சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. வண்டிக்குத்தான் எடையே இல்லையே. வழுக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜுக்கு அடியில் புகுந்துவிட்டது. துடைப்பத்தை விட்டுத் துழாவியும் வரவில்லை. மனசு சுருக்கென்றது.

அதை ஈடுகட்டத்தான் பொட்டு வைத்தேன். வண்டி உடம்பில் வைத்தால் கண்டுபிடித்துத் துடைத்துவிடுவார். சக்கரத்தின் நடுப்பக்கம் பளபளவென்று ஒரு வட்டத் தகடு இருந்தது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அம்மன் நெற்றி மாதிரி அழகாக இருந்தது. தண்ணீரில் குழைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று சந்தனத்தை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டிலும் வைத்தேன், மேலே குங்குமம். பிறகு இவர் பார்த்துவிட்டால் என்ன செய்வதென்று பயந்து, துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். நம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, சாமிக்குத் தெரியும்.

ஞாயிறு விடியலில் நண்பர்களோடு கேரி தீவுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். நான் பத்து மணிக்கு அவர் வண்டி வாங்கிய கடைக்குப் போனேன், அவர் பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிள் மணி வாங்க. கடை மெக்கானிக் தமிழர்தான். அண்ணன் எப்படி ஓட்டுகிறார் என்று விசாரித்தார். நானும் பெருமையாகப் பூசைக் கதையைச் சொன்னேன். எலுமிச்சம்பழம் ஓடிப்போன இடத்தில் சிரித்தார். பொட்டு வைத்த இடம் வந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அக்கா, டிஸ்க்குலயா வச்சீங்க?"

"ஆமா, ரெண்டுலயும்."

"அதுதான்க்கா பிரேக். அதுல எண்ணெய் பட்டா பிடிக்காது."

கேரி தீவுதானே, எண்ணெய்ப்பனைத் தோட்டம், மேடு பள்ளமே கிடையாதே என்றேன், என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள. அவர் ஃபோனை எடுத்துச் சைக்கிள்காரர்களின் குழுவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"கேரி தீவு இல்லக்கா. அங்க ரோட்டுல தண்ணி ஏறிடுச்சாம். எல்லாரும் உலு லங்காட் மலைக்குப் போயிருக்காங்க."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. அவருக்கு ஃபோன் அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். டிவியில் நான் பார்க்காமல் எழுந்து போன இறக்கங்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்தன. விளக்கேற்றப் போனவள் நல்லெண்ணெய்ப் போத்தலைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன். யாரிடம் போய் என்ன கேட்பது? என் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க யாரும் இல்லை.

ஒன்றரை மணிக்கு லிஃப்ட் திறந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். உடம்பெல்லாம் டுரியான் வாடை. பழ லோரிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது. உட்காரவைத்துக் கழுவினேன். கழுவ வசதியாகத்தான் இருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மலை ஏறும் முன்பே பிரேக் கீச்சென்று கத்தியதாம். புது வண்டி, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டிருக்கிறார். மற்றவர்கள் முன்னால் இறங்கிவிட்டார்கள். இரண்டாவது வளைவில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. ரோட்டை விட்டுச் சரிந்து லாலாங் புல்லுக்குள் போய் விழுந்திருக்கிறார். ஃபோனும் அந்தப் புல்லுக்குள்தான் விழுந்து கிடந்ததாம். புல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம். கீழே ஆறு.

இதையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு, இதுவரை நான் கேட்டே இராத ஒரு குரலில் சொன்னார்:

"விழறதுக்கு முன்னாடி சந்தன வாசனை அடிச்சுச்சு. அந்தக் காட்டுல சந்தனம் ஏது? சாமிதான் வந்து நிப்பாட்டிச்சு. வர வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை போட்டுருவோம், நீ சொன்ன மாதிரியே."

முப்பது வருஷமாக அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை. பேசாமல் இருந்திருந்தால் அவர் எனக்குக் கோயில் துணையாகியிருப்பார். ஆனால் அடுத்த மலையில் பிரேக்கைப் பார்க்காமல் சாமியை நம்பி இறங்குவார். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடிப்போன எலுமிச்சம்பழம், சந்தனம், நல்லெண்ணெய், துடைத்த துணி வரைக்கும்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ என்னை நிப்பாட்டினது யாரு?"

"லாலாங்," என்றேன்.

இரண்டு பேருமே சிரிக்கவில்லை.