தென்துருவத்துத் தீர்த்தம்

சித்தி ஆராய்ச்சிக் கப்பலில் தென்துருவக் கடலுக்குப் போயிருக்கிறார் என்றதும், ஒரு பென்குயின் பொம்மையாவது வரும் என்று காத்திருந்தேன். சித்தியோடு வந்தது ஒரு போத்தல் தண்ணீர். அதுவும் தேத்தண்ணீர்க் கோப்பை கழுவிய நிறத்தில். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் உயிரோடு இருக்கின்றனவாம். பல்கலைக்கழக வளாகத்தில் குளிரறை தயாராகும்வரை, எங்கள் பாலையூற்று வீட்டு பிரிட்ஜில் மீனுக்கும் தயிருக்கும் நடுவில் அது குடியேறியது. பாசிக்கு வெளிச்சம் வேண்டுமென்று பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் வைத்தார்.

“எவ்வளவோ தூரத்துக் கடல் தண்ணி. ஒருத்தரும் தொடக்கூடாது” என்பது சித்தியின் கட்டளை. ஏன் என்று கேட்டேன்.

“தண்ணி கொஞ்சம் சூடானாலே பெரிய பாசியள் செத்துப்போம். ஐஸ் உருகி உப்புக் குறைஞ்சாலும் அதே கதைதான். பிறகு பொடிப்பாசிதான் மிஞ்சும். அதைக் கூனி இறால் வடிவாத் தின்ன ஏலாது. கூனி இல்லாட்டித் திமிங்கலத்துக்குச் சாப்பாடு எங்க?”

எந்தச் சூட்டில், எந்த உப்பில் எது பிழைக்கும் என்று பார்ப்பதுதான் சித்தியின் வேலை. இந்தப் போத்தல் பிழைத்தால் இங்கேயே இருந்து அதைச் செய்யலாம் என்றும் சொன்னார். திமிங்கலத்தின் பசி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னைவிடப் போத்தலைத்தான் சித்தி அடிக்கடி எட்டிப் பார்த்தார் என்பதுதான் என் கவலை.

ஒரு சனிக்கிழமை காலை கரண்ட் போனது. மத்தியானமாகியும் வரவில்லை. சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரிட்ஜைத் திறக்கவும் பயம், திறக்காமலிருக்கவும் பயம். கடைசியில் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு உப்புவெளி மீன்கடைகளுக்கு ஐஸ் தேடிப் பறந்தார். மீனுக்கே ஐஸ் போதாது என்று கையை விரித்தவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெட்டி வாங்கினார். திரும்பும் வழியெல்லாம் பெட்டி என் மடியில் ஒழுகியது. “இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் பெரியம்மா பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார். போத்தல் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அக்கா, இதுக்குள்ள இருந்த தண்ணி எங்க?”

“குளிர் போனாப் பழுதாப்போடும் பிள்ளை. தீர்த்தத்தைக் கால் மிதிபடுற இடத்தில ஊத்தலாமோ? எல்லாற்ற தலையிலயும் தெளிச்சுப்போட்டு, மிச்சத்தைச் செவ்வரத்தைச் செடியடியில ஊத்தினனான்.”

பெரியம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. தூரத்துக் கடல் தண்ணீரைப் பக்குவமாகக் கொண்டுவந்து, விளக்கும் வைத்து, யாரும் தொடக்கூடாது என்றால் அது வேறென்ன?

சித்தி செவ்வரத்தையடியில் குந்தி ஈரமண்ணைத் தொட்டுப் பார்த்தார். “பரவாயில்லை அக்கா” என்றார். அவ்வளவுதான். பின்னேரம் முழுவதும் போனும் கையுமாக விறாந்தைக்கும் வாசற் படலைக்கும் நடந்தார். கப்பல், அனுமதி, அடுத்த பயணம் என்று ஆங்கிலத்தில் யாரோடோ கதைத்தார்.

எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. சனியன் தொலைந்தது, இனிச் சித்தி எனக்குத்தான் என்று அவர் பின்னாலேயே நடந்தேன். “இனி எங்கயும் போக மாட்டீங்கள்தானே?” என்று கேட்டேன். சித்தி என் தலையைத் தடவிவிட்டு மறுபடியும் போனைக் காதில் வைத்தார். அவரை எங்களோடு இருத்தி வைத்திருக்கக் கூடியதாக இருந்தது அந்தப் போத்தல் ஒன்றுதான் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.