அச்சகத்தில் ஏற்காத அழைப்பிதழ்

உப்பளம் என்ற பகுதியில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. முதலாளிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கோயில் திருவிழா நோட்டீஸ் வந்தால் போட்டுக் கொடுத்துவிடுவார். மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழை மட்டும் தொடமாட்டார். பெண் வயதுக்கு வந்ததை ஊருக்கு அறிவிப்பது அவளுக்கு அவமானம் என்பது அவர் கொள்கை. நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, போன வருடம் என் அக்கா வந்து நிற்கும்வரை.

அக்கா இருப்பது முதலியார்பேட்டையில். வேலை பார்த்த மில் மூடிய பிறகு மாமா ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே பெண். தங்கை வேலை செய்கிற இடம் என்ற உரிமையில், என்னிடம்கூடச் சொல்லாமல், மகளின் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழுக்காக அவள் போட்டோவோடு நேராக முதலாளியிடம் போய்விட்டாள்.

"இத நான் போடறதில்லம்மா. கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் கொண்டாங்க. இது வேணாம்."

"நாங்க இன்னா தப்பான காரியமா சார் பண்றோம்?"

"தப்புன்னு நான் நெனைக்கிறேன்மா."

பில் புத்தகம் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனாள்.

எனக்கு வேலை ஓடவில்லை. நான் வேறு மதத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவள். எங்கள் பெயர்களைக் கேட்டதும் ஒரு மண்டபக்காரர் இடம் தர மறுத்தபோது, இதே முதலாளிதான் எனக்காகப் போய்ச் சண்டை போட்டார். வியாபாரம் என்று திறந்துவைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்றார். அதைச் சொல்லி அவரிடமே கேட்டேன்.

"அது வேற, இது வேற," என்றார். "அந்தாளு உன்ன வேணாம்னான். நான் உங்க அக்காவ வேணாம்னு சொல்லல. இந்த வேலைய வேணாம்ங்கிறேன்."

பதில் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன்.

"எனக்கு அந்த வித்தியாசம்லாம் தெரியல. நாலு பேர் முன்னாடி நின்னது நானு," என்றாள்.

நான் வண்டியை எடுக்கும்போது அவள் மகள் பின்னாலேயே வந்தாள்.

"சித்தி, எனக்கும் இந்த விழா புடிக்கல. சொல்லலாம்னுதான் இருந்தேன். இப்ப அம்மா அழுதுனு வந்துருக்கு. இனிமே எப்டி வேணாம்னு சொல்றது?"

வீடு வரும்வரை அந்தக் குரல்தான் காதில் இருந்தது. மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த வாரமே என்னோடு அக்கா வீட்டுக்கு வந்தார்.

"கார்டு போட மாட்டேன்மா. ஆனா அத எல்லார் முன்னாடியும் சொல்லிருக்கக் கூடாது. மன்னிச்சிக்குங்க."

அக்கா காபி கொடுத்தாள்.

அவர் போன பிறகு மகள் மெல்லச் சொன்னாள்: "தெருமுனையில பேனர் மட்டும் வேணாம்மா." நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல அக்கா என்னை முறைத்தாள். பிறகு மாமாவிடம் பேனரை நிறுத்தச் சொன்னாள்.

அழைப்பிதழ் வேறு அச்சகத்தில் தயாரானது. விழாவும் நடந்தது. மேடையில் கனத்த பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு அக்கா மகள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். நான் உட்காரவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல், பந்திக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.