மாசச் சம்பளமா, நாள் கூலியா?

என் பெயரை நானே மூன்று முறை உரக்கக் கூப்பிட்டு, நானே போய்க் குற்றவாளி நிற்கும் இடத்தில் நின்ற ஒரு காலைப்பொழுதை என்னால் மறக்க முடியவில்லை. அப்போது நான் தல்லாகுளத்தில் பெஞ்சுக் கோர்ட்டுக் குமாஸ்தா. ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டுகளாக உட்கார்ந்து, விளக்கில்லாமல் சைக்கிள் விட்டவன், தெருவில் மாட்டை அவிழ்த்துவிட்டவன் போன்ற சில்லறைக் கேசுகளை வாரத்தில் ஒருநாள் தீர்த்துவைப்பார்கள். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது என் வேலை. அன்று ஏழாவது பெயர் என்னுடையது. கூப்பிட்டேன், போய் நின்றேன், 'ஒப்புக்கொள்கிறேன்' என்றேன், திரும்பி என் மேஜைக்கு வந்து அதை நானே எழுதினேன். நடுவில் இருந்த அரிசி மண்டிக்காரர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

யுத்த காலம் அது. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாக இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்தபின் சைக்கிளில் விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. வைகைப் பாலம் தாண்டித் தல்லாகுளம் போகிற வழியில், சாலை பிரியும் முனையில் ஏட்டையா நிற்பார். சிவப்புத் தலைப்பாகை, சட்டைக் கையில் மூன்று பட்டை, நரைத்த மீசை. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'காத்துப் புடுங்கி'. விளக்கில்லாமல் வருகிறவனை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மாசச் சம்பளமா, நாள் கூலியா?" நாள் கூலி என்றால் குனிந்து இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிட்டு, பிடுங்கிய வால்டியூப்பை அவன் கையிலேயே கொடுப்பார். "தள்ளிக்கிட்டே போ. நாளைக்கு வெளக்கோட வா." மாசச் சம்பளம் என்றால் சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகம் வெளியே வரும்.

என்னை நிறுத்திய மாலையில் எனக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். செல்லூர்ச் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். முழங்கை வரைக்கும் கை நீலமாக இருந்தது. அவனுக்குக் காற்றை இறக்கி அனுப்பினார். அடுத்து என்னிடம் அதே கேள்வி. நான் நெஞ்சை நிமிர்த்தி, "பெஞ்சுக் கோர்ட்டுக் குமாஸ்தா" என்றேன். என்னைத் தெரியாதவரா? வாரந்தோறும் நான் எழுதிக் கொடுக்கும் சம்மன்களை வாங்கிப்போகிறவர்தான். "தெரியுமே சார். மாசச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒரே முனை, ஒரே நேரம், ஒரே குற்றம். அவனுக்குக் காற்று, எனக்குக் கேசா? அந்தக் கேள்வியே பையின் கனம் பார்க்கிற கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது. கொடுக்கிற நிலையில் இருப்பவன் யார், இல்லாதவன் யார் என்று தரம் பிரிக்கிறார், நான் கொடுக்காததால் எழுதுகிறார் என்று முடிவுகட்டினேன். அவர் என்னிடம் கை நீட்டவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பெஞ்சில் பட்ட அவமானத்துக்கு அடுத்த நாளே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். முனையிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு சைக்கிள் கடை இருந்தது. மேற்படி ஏட்டு மேற்படி கடைக்காரனோடு கூட்டு, அவனுக்குக் காற்றடிக்கிற வியாபாரம் பெருகட்டும் என்றே ஏழைகளின் காற்றைப் பிடுங்குகிறார், ஆள் பார்த்துக் கேசு போடுகிறார், விசாரித்தால் விளங்கும் என்று கோர்ட்டுத் தமிழில் வளைத்து வளைத்து எழுதினேன். எதையும் நான் கண்ணால் கண்டதில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்தை மாற்றி எழுதக்கூடத் தோன்றவில்லை. பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைத்த மடையன் நான்.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் எங்கள் பெஞ்சுக் கட்டடத்திலேயே உட்கார்ந்தார். அவருடைய ரைட்டர் லீவு. "குமாஸ்தா, நீர் கொஞ்சம் எழுதும்" என்றார். வாக்குமூலம் இங்கிலீஷில் என்பதால் என் தமிழ் எழுத்து அவர் கண்ணில் படாது என்று தைரியப்படுத்திக்கொண்டு பேனாவை எடுத்தேன். முதலில் சைக்கிள் கடைக்காரர் வந்தார். "எங்கிட்ட யாருங்க காத்தடிக்க வாரான்? காசு குடுத்து அடிக்கிறதுக்குப் பதிலா வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போயிருவாங்க" என்றார். கூட்டு என்ற புகார் அத்தோடு விழுந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் விடவில்லை. ஒருவனுக்குக் கேசு, ஒருவனுக்குக் காற்று என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

ஏட்டையா தலைப்பாகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, நாள் கூலிக்காரனை பெஞ்சுக்கு இழுத்தா அபராதத்தோட அன்னைக்குக் கூலியும் போயிரும். அவன் வீட்டுல அடுப்பு எரியாது. தள்ளிக்கிட்டுப் போனா காலு வலிக்கும், அம்புட்டுத்தான். மாசச் சம்பளக்காரருக்கு ஒருநாள் இங்க வந்து நின்னா ஒண்ணும் கொறையாது."

"அதை முடிவு பண்ண நீ யாரு?"

"தப்புத்தாங்க" என்றார் ஏட்டையா. அதையும் எழுதினேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் என் கடுதாசியை அவரிடம் நீட்டி, இது யார் எழுத்து என்று தெரிகிறதா என்று கேட்டார். வாரந்தோறும் சம்மனில் என் தமிழ் எழுத்தைப் பார்க்கிற மனிதர். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். என் பேனா நின்றுவிட்டது. வீட்டில் அப்போது கைக்குழந்தை, படுத்த படுக்கையாக என் தகப்பனார். வேலை போனால் எங்கே போவேன் என்று அந்த நிமிடத்தில் கணக்குப் போட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியலைங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

ஒரு பட்டையைப் பறித்து அவரை மேலூருக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. விளக்கில்லாத அத்தனை பேருக்கும் எழுதினார். அவரிடம் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இப்போது அந்த முனையில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் வந்துவிட்டன. காரானாலும் கைவண்டியானாலும் ஒரே மாதிரி நிற்கின்றன. எல்லாரையும் சமமாக நடத்துவதுதான் நியாயம் என்று என் பேரன் அடித்துப் பேசுகிறான்.

புது ஏட்டு வந்த பிறகு பெஞ்சு நாளில் வராந்தா கொள்ளாத கூட்டம். சுமைதூக்குகிறவர்கள், கொத்து வேலைக்காரர்கள், பட்டறை ஆட்கள். மாஜிஸ்திரேட்டுகள் சாவகாசமாகத்தான் வருவார்கள். காலையில் வந்தவன் பெயரை நான் கூப்பிடும்போது பொழுது உச்சி தாண்டியிருக்கும். ஒருநாள் நான் கூப்பிட்ட பெயருக்கு அந்தச் சாயப்பட்டறைக்காரன் வந்து நின்றான். மூன்றே வாரத்தில் அது அவனுக்கு இரண்டாம் முறை. பட்டறையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பெஞ்சு கலைந்த பிறகு, ஏழெட்டுப் பேரோடு என் மேஜைக்கு வந்தான். "ஐயா, பழைய ஏட்டையாவையே திரும்பப் போடச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க நல்லா எழுதுவீகன்னு சொன்னாக. நாங்க அம்புட்டுப் பேரும் கைநாட்டு வைக்கிறோம்" என்றான். நீலம் போகாத தன் பெருவிரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எனக்கு மைகூட வேண்டாங்க" என்றான்.

ஒரு தாளைக்கூட எடுத்துவிட்டேன். அந்த மனு எந்த இன்ஸ்பெக்டரிடம் போகும் என்பதும், அவருடைய காகிதக் கட்டுக்குள் ஏற்கெனவே இதே எழுத்தில் ஒரு மொட்டைக் கடுதாசி இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. தாளை மேஜைக்குள் திரும்ப வைத்தேன். கோர்ட்டுக் குமாஸ்தா வெளியாருக்கு மனு எழுதிக் கொடுக்கக்கூடாது, விதி இருக்கிறது என்றேன். பொய்யில்லை, அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்தது.

அவன் என்மேல் துளியும் வருத்தப்படவில்லை. "சட்டம்னா நீங்க என்னங்க செய்வீக" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.